கூகை எனக்கு என்ன சொன்னது? திரும்பத் திரும்ப எதிர்ப்படும் காட்டுயிர்களும் நாம் காணும் பொருளும்

இரவு இரண்டே முக்காலுக்கு அம்மாவுக்கு மருந்து கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு தூக்கம் வராது. மொட்டைமாடிக்குப் போய்ச் சற்று நேரம் நிற்பேன். அப்படி நின்ற ஓர் இரவில் கைப்பிடிச் சுவரின் கோடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. காயப்போட்டு எடுக்க மறந்த துணி என்று நினைத்தேன். துணி தலையைத் திருப்பியது. வெற்றிலையைக் காம்பு மேலாகப் பிடித்தது போன்ற முகம், அதில் இரண்டு கறுத்த கண்கள். கூகை. சில நொடிகள் என்னைப் பார்த்தது, பிறகு சுவரிலிருந்து சரிந்து பறந்தது. சிறகோசை துளியும் இல்லை.

மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாள் வரவில்லை. பிறகு தொடர்ந்து நான்கு இரவுகள். அத்தையிடம் சொன்னேன்.

"அய்யோ, சாக்குருவில்ல அது! சீக்காளி இருக்குற வீடு. கண்ணுல பட்டா வெரட்டி விட்ரு."

அத்தையைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் வயிற்றைப் பிசைந்தது. இத்தனை வீடு இருக்க ஏன் இந்தச் சுவர், ஏன் இந்த நேரம், ஏன் என் கண்ணில்? இப்படிக் கேட்டுக்கொள்ளாதவர்கள் குறைவு. ஒருவரை இழந்த வாரத்தில் ஜன்னலுக்கு வந்துகொண்டே இருக்கும் வண்ணத்துப்பூச்சி, பெரிய முடிவொன்றின் முன் தவிக்கும் நாட்களில் பாதையில் குறுக்கிடும் நரி, எங்கே போனாலும் கண்ணில் படும் பருந்து. ஒருமுறை என்றால் மறந்துவிடுவோம். மூன்றாம் முறை நின்று யோசிப்போம்.

இந்த யோசனைக்கு முதன்முறையாக ஆளானவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். விலங்கு நமக்குச் சேதி கொண்டுவருவதில்லை என்பதே என் முடிவு. அதற்காக அந்தச் சந்திப்பு வெறுமையானது என்றும் நான் நினைக்கவில்லை. அதில் பொருள் உண்டு, சில சமயம் வாழ்நாள் முழுக்கக் கூடவரும் பொருள். ஆனால் அந்த விலங்கு எதற்காக அங்கே வந்தது என்று தெரிந்துகொண்ட பிறகு கிடைக்கும் பொருள்தான் உறுதியாக நிற்கிறது.

தமிழில் ‘பொருள்’ என்ற சொல்லே இதைச் சொல்லாமல் சொல்கிறது. கையில் எடுத்துப் பார்க்கிற பண்டமும் பொருள், சொல்லுக்குள் இருக்கும் கருத்தும் பொருள். முதல் பொருளைச் சரியாகப் பார்க்காமல் இரண்டாவதற்குத் தாவுவதால்தான் இந்த விஷயத்தில் இவ்வளவு குழப்பம் வருகிறது.

பறவை என்றாலே குறி

இந்தத் தாவல் மிகப் பழையது. பழந்தமிழில் ‘புள்’ என்றால் பறவை, அதே சொல்லுக்கு நிமித்தம் என்ற பொருளும் உண்டு. வடமொழியில் ‘சகுனம்’ என்ற சொல் பறவையையே குறிப்பது. கிரேக்கத்தில் ‘ஓர்னிஸ்’ பறவைக்கும் ஆகும், குறிக்கும் ஆகும். லத்தீனில் நிமித்தம் பார்ப்பதைக் குறிக்கும் ‘அவுஸ்பிகியம்’, பறவை என்ற சொல்லையும் பார்த்தல் என்ற சொல்லையும் ஒட்டிச் செய்தது. பறவை நம் அழைப்புக்கு வருவதில்லை, நம்மால் போக முடியாத உயரத்திலிருந்து இறங்குகிறது, சொல்லாமல் போய்விடுகிறது. அதை யாரோ அனுப்பியது என்று நினைக்கத் தோன்றியதில் வியப்பில்லை.

அனுப்பிய சேதி என்னவென்று கேட்டால்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ் வெள்ளிக் காசுகளில் ஒருபுறம் அதீனாவின் தலை, மறுபுறம் ஆந்தை. அவள் அறிவின் தெய்வம், ஆந்தை அவளுடைய பறவை. ரோமானியர்களுக்கு அதே ஆந்தைக் குலம் சாவின் அடையாளம். இரண்டு ஊர்களிலும் அது எலிதான் பிடித்துக்கொண்டிருந்தது. ஆந்தையின் சிறகில் சேதி எழுதியிருந்தால் இரண்டு ஊரிலும் ஒரே மாதிரிதானே வாசித்திருக்க வேண்டும்? ‘சாக்குருவி’ என்று பெயர் வைத்துவிட்ட பிறகு அந்தப் பறவையை யாரும் புதிதாகப் பார்ப்பதில்லை, பெயரைத்தான் பார்க்கிறார்கள். நானும் முதல் ஐந்து இரவுகள் பெயரைத்தான் பார்த்தேன்.

அது ஏன் திரும்ப வருகிறது?

ஆறாம் நாள் காலையில் சுவரடியில் கட்டைவிரல் பருமனில் கருப்பாக, அரக்குப் பூசியது போல் பளபளப்புடன் இரண்டு உருண்டைகள் கிடந்தன. எச்சம் என்று முதலில் தள்ளிவிடப் பார்த்தேன். உற்றுப் பார்த்தால் மயிர். கூகை இரையை அப்படியே விழுங்கும். செரிக்காத எலும்பையும் மயிரையும் வயிற்றில் உருட்டித் திரட்டி வாய்வழியாகக் கக்கிவிடும். ஒன்றை வெந்நீரில் ஊறவைத்து, கையுறை போட்டு, ஊசியால் பிரித்தேன். சாம்பல் நிற மயிர் கம்பளிபோல் பிரிந்து வந்தது. உள்ளே நகம் அளவில் ஒரு தாடை எலும்பு, அதன் நுனியில் வளைந்த செம்மஞ்சள் பல். பிறகு மண்டையோடு, முட்டையோட்டைவிட மெல்லியது. எல்லாம் பிரித்து முடித்தபோது காகிதத்தில் மூன்று மண்டையோடுகள் வரிசையாக இருந்தன. ஒரு வயிற்றுக்கு ஒரே இரவில் மூன்று எலி.

அன்று இரவு கூகையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அது போகும் திசையைப் பார்த்தேன். எதிரே யாரும் இல்லாத பழைய வீடு. அதன் உடைந்த காற்றுத்துளைக்குள் நுழைந்தது. உள்ளிருந்து ஆவி பீறிடுவது போன்ற ஒலி, குறட்டையும் சீறலும் கலந்தது. கூகைக் குஞ்சுகள் பசிக்கு அப்படித்தான் இரையும். குஞ்சு பொரித்த பிறகு ஆண் பறவை இரவெல்லாம் இரை கொண்டுவந்து கொட்டும். குஞ்சுகள் வளர்ந்ததும் தாயும் வேட்டைக்குக் கிளம்பும். என் வீட்டுச் சுவர் அவற்றுக்கு இடைத்தங்கல். அங்கே உட்கார்ந்து கீழே புல்லில் எலி அரவம் கேட்கிறதா என்று கவனிக்க வசதி. கூகையின் காதுத் துளைகள் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை, ஒன்று சற்று மேலே, ஒன்று சற்றுக் கீழே. ஒலி இரு காதுக்கும் வந்துசேரும் வேறுபாட்டை வைத்தே இரையின் இடத்தைக் கணித்துவிடும். பின்னாளில் திமிங்கிலப் பாடல்களைப் பதிவுசெய்து புகழ்பெற்ற ரோஜர் பெய்ன், முழு இருட்டிலும் கூகை ஒலியை மட்டும் வைத்து எலியைப் பிடிக்கும் என்று சோதனையில் காட்டியவர்.

ஆக, "ஏன் இந்தச் சுவர், ஏன் இந்த நேரம்" என்ற கேள்விக்குப் பதில் இருந்தது. எந்தக் காட்டுயிரைத் தொடர்ந்து பார்த்தாலும் இந்தப் பதிலைத்தான் முதலில் தேட வேண்டும். விலங்குகள் பழக்கத்தின் பிள்ளைகள். நரிக்கு எல்லை உண்டு, அதை ஒரே தடத்தில் சுற்றிவரும். மீன்கொத்திக்குப் பிடித்த கிளை உண்டு. நமக்கும் அப்படியே, ஒரே வழி, ஒரே நேரம். இரண்டு பழக்கங்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் சந்திப்பு திரும்பத் திரும்ப நிகழ்கிறது.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: வருவது அதே விலங்கா? 1930களில் டேவிட் லாக் என்ற பறவையியலாளர் இங்கிலாந்தில் ராபின் பறவைகளின் காலில் வண்ண வளையம் மாட்டி ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கண்காணித்தார். பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுகளுக்குமேல் உயிரோடு இருக்கவில்லை. ஒன்று இறந்தால் இன்னொன்று அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். "பல வருடமாக எங்கள் தோட்டத்துக்கு வரும் பறவை" என்று ஒருவர் அன்போடு சொல்வது உண்மையில் பல பறவைகளாக இருக்கலாம். வண்ணத்துப்பூச்சிகளில் பலவற்றுக்கு வளர்ந்த பிறகு சில வாரங்களே ஆயுள், எனவே சென்ற ஆண்டு வந்தது இந்த ஆண்டு வராது. இது ஏமாற்றமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓர் இடத்தை விடாமல் யாரோ ஒருவர் வந்து ஏற்றுக்கொள்கிறார் என்பதும் நெஞ்சைத் தொடுவதுதான்.

நம் கண்ணின் பங்கு

ஒன்றைப் புதிதாகக் கவனித்துவிட்டால் அது எங்கும் இருப்பதாகத் தோன்றும். மொழியியலாளர் ஆர்னால்ட் ஸ்விக்கி 2005இல் இதற்கு ‘அடிக்கடி மாயை’ என்று சொல்லத்தக்க ஒரு பெயர் வைத்தார். இதில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. மனம் அந்த ஒன்றைத் தேடத் தொடங்குகிறது. தென்படும் ஒவ்வொரு முறையையும் "பார், மறுபடியும்" என்று கணக்கில் வைக்கிறது, தென்படாத முறைகளைக் கணக்கில் வைப்பதில்லை. கூகை வராத அந்த மூன்றாம் இரவை நான் அத்தையிடம் சொல்லவே இல்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

அதிசயத் தற்செயல்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. கணிதவியலாளர் லிட்டில்வுட்டின் பெயரால், இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன் விளக்கியது. விழிப்போடு இருக்கும் நேரம் நாளுக்கு 8 மணி, நொடிக்கு ஒரு நிகழ்வு என்று வைத்துக்கொண்டால் 35 நாளில் பத்து லட்சம் நிகழ்வுகளைக் கடக்கிறோம். அப்படியானால் ‘பத்து லட்சத்தில் ஒன்று’ என்கிற அதிசயம் ஏறக்குறைய மாதம் ஒருமுறை எல்லோருக்கும் நடக்கும்.

தொடர்பு தேடுவது மனிதனுக்கு மட்டும் உள்ள பலவீனம் என்று யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. 1948இல் உளவியலாளர் ஸ்கின்னர், பசித்த புறாக்களுக்கு அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் தீனி வரும்படி ஏற்பாடு செய்தார். சில நாளில் ஒரு புறா கூண்டுக்குள் இடவாக்கில் சுற்றிக்கொண்டிருந்தது, இன்னொன்று ஒரு மூலையை நோக்கித் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. தீனி வந்த நொடியில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்ததையே அவை திரும்பச் செய்தன என்பது ஸ்கின்னரின் விளக்கம். அந்தப் புறாக்களை அறிந்தபோது சிரிப்பு வரவில்லை, நெருக்கம்தான் வந்தது.

யுங்கின் பொன்வண்டு

இந்தப் பேச்சில் தவறாமல் வரும் பெயர் கார்ல் யுங். சுவிட்சர்லாந்து உளவியலாளர். ஒரு பெண் அவரிடம் தன் கனவைச் சொல்லிக்கொண்டிருந்தார், கனவில் அவருக்கு யாரோ ஒரு தங்கப் பொன்வண்டு நகையைக் கொடுக்கிறார்கள். அந்த நேரம் ஜன்னலில் ஏதோ தட்டும் ஓசை. யுங் திறந்தார், உள்ளே பறந்துவந்ததைக் கையில் பிடித்தார். பொன்பச்சை நிறத்தில் ஒரு வண்டு, ஐரோப்பாவில் பரவலாகக் காணப்படும் ரோஜா வண்டு. "இதோ உங்கள் வண்டு" என்று அவரிடம் நீட்டினார்.

இப்படிப்பட்ட நிகழ்வுகளுக்கு யுங் வைத்த பெயர் ‘சிங்க்ரோனிசிட்டி’. காரண காரியத் தொடர்பு இல்லாமல், பொருளால் மட்டும் தொடர்புபட்டு ஒரே நேரத்தில் நிகழ்பவை என்பது அவர் விளக்கம். 1952இல் இதைப் பற்றிய அவருடைய கட்டுரை, நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் வோல்ஃப்காங் பவுலியின் கட்டுரையோடு சேர்ந்து வெளியானது. சோதித்து நிறுவப்பட்ட விதி அல்ல அது, அறிவியல் உலகம் அதை ஏற்கவும் இல்லை.

பலர் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. 1949 ஏப்ரல் 1 அன்று யுங்குக்கு மீன் மேல் மீனாக வந்தது. பாதி மனிதன், பாதி மீன் உருவம் பற்றிய குறிப்பு, பகலுணவில் மீன், ஒருவர் காட்டிய மீன் ஓவியம். இவ்வளவு வந்தும், இது வெறும் தற்செயல் குவியலாக இருக்கலாம் என்று அவரே எழுதினார். தொடர்ந்து வருவதெல்லாம் சேதி என்று அவர்கூடச் சொல்லவில்லை.

பொன்வண்டுக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தப் பெண்ணுக்கு அதன்பின் நடந்தது. எல்லாவற்றையும் அறிவால் அளந்து, எதற்கும் அசையாமல் இருந்தவர் அந்த நொடியில் இளகினார், சிகிச்சை முன்னேறியது என்கிறார் யுங். அந்த மாற்றத்துக்கு வண்டை யாரும் அனுப்பியிருக்க வேண்டிய அவசியமில்லை. அது பாட்டுக்கு வந்தது. அது வந்த நேரத்தில் அவர் திறக்கத் தயாராக இருந்தார்.

நம்முடைய பொருள் எங்கே தொடங்குகிறது

துக்கத்தில் இருப்பவர்களிடம் இதை மிகக் கவனமாகப் பேச வேண்டும். தந்தையை இழந்தவர் ஜன்னலில் வந்த பறவையைப் பார்த்து "அப்பா வந்திருக்கார்" என்றால், நிகழ்தகவுக் கணக்கு சொல்லித் திருத்துவது மனிதத்தன்மை ஆகாது. இறந்தவரோடு உள்ள உறவு அறுந்துவிடுவதில்லை, வேறு உருவில் தொடர்கிறது என்று துக்கத்தை ஆராய்ந்தவர்களே 1990களில் இருந்து எழுதிவருகிறார்கள். பறவை வரும் நேரத்தில் அவர் தந்தையை நினைக்கிறார், சில நிமிடம் அவரோடு இருக்கிறார். அது உண்மையாக நடப்பது. பறவை அப்பாவா என்பது வேறு கேள்வி.

நெடுங்காலச் சந்திப்பு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் நிகழ்வு ஒன்று. பசிபிக் பெருங்கடலில் மிட்வே தீவில் 1956இல் சாண்ட்லர் ராபின்ஸ் என்ற பறவையியலாளர் ஒரு பெண் ஆல்பட்ராஸின் காலில் வளையம் மாட்டினார். 2002இல் அதே தீவில் அவர் கையில் ஒரு பறவை சிக்கியது. பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தால், 46 ஆண்டுகளுக்கு முன் அவரே வளையம் மாட்டிய பறவை. அதற்கு ‘விஸ்டம்’ என்று பெயரிட்டார்கள். 2024இலும் அது மிட்வேக்கு வந்து முட்டையிட்டது. அந்தச் சந்திப்பின் கனத்துக்கு எந்தச் சகுன நூலும் தேவைப்படவில்லை. ஒரு வளையமும், எழுதிவைத்த ஒரு தேதியும் போதுமானதாக இருந்தன.

சில சமயம் விலங்கும் நம்மைத் தெரிந்துவைத்திருக்கும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் 2006இல் குகை மனித முகமூடி அணிந்து ஏழு காகங்களைப் பிடித்து வளையமிட்டு விட்டனர். பிறகு அந்த முகமூடியோடு நடந்தால் காகங்கள் கூடிக் கத்தின. பிடிபடாத காகங்களும் சேர்ந்துகொண்டன, ஆண்டுகள் கடந்தும் மறக்கவில்லை. ஆகவே "அந்தக் காகம் என்னை அடையாளம் கண்டுகொள்கிறது" என்று நீங்கள் சொன்னால் அது கற்பனையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒரு நோட்டுப் புத்தகம். இடப்பக்கம் விலங்கு: தேதி, மணி, எங்கே, என்ன செய்தது, எந்தப் பக்கம் போனது. வலப்பக்கம் நீங்கள்: அன்று மனத்தில் என்ன ஓடியது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். வராத நாளையும் கட்டாயம் எழுதுங்கள், ‘வரவில்லை’ என்ற ஒரு சொல் போதும். ஒரு மாதம் கழித்து இடப்பக்கத்தை மட்டும் வாசித்தால் விலங்கின் வாழ்க்கை தெரியும். வலப்பக்கத்தை மட்டும் வாசித்தால், உங்களுக்கே தெரியாமல் நீங்கள் எதைச் சுமந்துகொண்டிருந்தீர்கள் என்று தெரியும்.

அருகே போகாதீர்கள், தீனி வைத்து இழுக்காதீர்கள். உங்களைக் கண்டதும் அது செய்துகொண்டிருந்ததை நிறுத்தினால் அதுவே எல்லை, இரண்டடி பின்வாங்குங்கள். காட்டு விலங்கு ஒன்று பயமே இல்லாமல் தானாக நெருங்கி வந்தால் அதை நட்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வெறிநோய் தாக்கிய பாலூட்டிகள் அப்படி நடந்துகொள்வதுண்டு. கடியோ கீறலோ பட்டால் சோப்பு போட்டு நன்றாகக் கழுவி, அன்றே மருத்துவரிடம் போங்கள்.

இன்னொரு எல்லையும் இருக்கிறது. மனநல மருத்துவர் கிளாஸ் கோன்ராட் 1958இல், தொடர்பில்லாதவற்றில் எல்லாம் தனக்கான பொருளைக் காணும் நிலைக்கு ‘அப்போஃபீனியா’ என்று பெயர் வைத்தார். அவர் எழுதியது மனநோயின் தொடக்கநிலை பற்றி. நம்மில் பெரும்பாலோர் அங்கே போவதில்லை. ஆனால் விலங்கு கட்டளையிடுவதாகத் தோன்றினால், அதைப் பார்க்காமல் வீட்டைவிட்டுக் கிளம்ப முடியவில்லை என்றால், பயத்தில் தூக்கம் போனால், நம்பிக்கையான ஒருவரிடமும் மருத்துவரிடமும் பேசிவிடுவது நல்லது.

என் நோட்டுக்கு வருகிறேன். கூகையை முதலில் பார்த்துப் பதினோரு வாரம் கழித்து அம்மா போனார். அத்தை என்னைப் பார்த்த பார்வையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் நாட்கள் குறைவு என்று மருத்துவர் எங்களிடம் சொன்னது கூகையை நான் முதன்முதலில் பார்ப்பதற்கு இருபது நாள் முன்பு. அது நோட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

அந்தப் பறவையோடு எனக்கு ஏற்பட்டதை இப்போது என்னால் சொல்ல முடிகிறது. ஊரே தூங்கும்போது இரண்டு வீடுகளில் விழித்திருந்தோம். எதிர்வீட்டில் குஞ்சுகளுக்காக அது, இந்த வீட்டில் அம்மாவுக்காக நான். இரண்டே முக்காலுக்கு இருவருக்கும் வேலை இருந்தது. இதை நான் கற்பனை செய்து அதன் தலையில் ஏற்றவில்லை, அது உண்மையாகவே அந்த வேலையில்தான் இருந்தது. எனக்குத் துணை கொடுக்க வேண்டும் என்று அது நினைத்திருக்காது. ஆனாலும் அந்த வாரங்களில் மாடிப்படி ஏறும்போது தனியாக ஏறுவதாக எனக்குத் தோன்றவில்லை.

இடப்பக்கத்தின் கடைசிப் பதிவுகள்: ‘மூன்று குஞ்சுகள் காற்றுத்துளை விளிம்பில். ஒன்று இறக்கையை விரித்து அடித்துப் பார்க்கிறது.’ பிறகு, ‘இரண்டு மட்டும்.’ பிறகு நான்கு நாள் வரிசையாக ‘வரவில்லை’. அந்த நான்கு நாளுக்கும் வலப்பக்கம் காலியாக இருக்கிறது. ஐந்தாம் நாள், இரண்டு ஐம்பதுக்கு: ‘சுவரில் ஒன்று. சின்னது. முகத்தில் இன்னும் குஞ்சு மயிர்.’